வடசென்னைக் கடலோரம் மனம் ஆற உட்காருவது எப்படி?

மெரினாவில் நடந்து பழகியவர்கள் திருவொற்றியூர்க் கரைக்கு முதன்முதலாக வந்ததும் மணலைத் தேடுவார்கள். பெரும்பாலான இடங்களில் அது இருக்காது. சாலையைத் தாண்டினால் கருங்கல் குவியல், அதற்கப்பால் நேராகக் கடல். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர்கள் எழும்பின. இந்தக் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதை மறித்தது. மறிபட்ட மணல் தெற்கே சேர்ந்து மெரினா அகன்றது. வர வேண்டிய மணல் வராமல் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை அரிபட்டது. தெருக்களும் வீடுகளும் கடலுக்குள் போனபின்தான் கல் கொட்டினார்கள். கடலுக்குள் நீளும் கல்வரிசைகளான தூண்டில் வளைவுகளையும் கட்டினார்கள்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. வடசென்னையில் ஓய்வு தேடி வருபவர் காலியான மணல்வெளியை மனத்தில் வைத்துக்கொண்டு வந்தால் அரை மணி நேரத்தில் ஏமாந்து திரும்பிவிடுவார். இது வேலை நடக்கும் கரை. படகு இறங்கும், வலை காயும், முதுகுக்குப் பின்னால் கன்டெய்னர் லாரி உறுமும், மேற்கே ஆலைப் புகைபோக்கி தெரியும். இருந்தும் இங்கே மனம் ஆறும். பட்டினத்தார் கடைசியாக வந்து அமர்ந்தது இந்த ஒற்றியூர்க் கரையில் என்பது மரபு. வள்ளலார் ஏழுகிணற்றிலிருந்து திருவொற்றியூருக்கு நடந்தே வந்து போனவர். எந்தக் காற்றில், எந்த நேரத்தில், எந்தக் கல்லில் உட்காருவது என்று தெரிந்திருந்தால் போதும். தெரியாமல் வந்தால் நெடியும் வெயிலும் இரைச்சலும்தான் மிஞ்சும்.

காற்றைப் பார்த்து நேரம் குறியுங்கள்

தென்சென்னைக் கரைகளில் விடியற்காலை என்றால் எப்போதும் நல்ல நேரம். இங்கே அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. இரவில் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடும், கடல் அவ்வளவு சீக்கிரம் குளிராது. அதனால் பின்னிரவிலிருந்து காலை வரை காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கிப் போகும். திருவொற்றியூருக்கு மேற்கே மணலி. அங்கேதான் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலைகளும். ஆக, நிலக்காற்று வீசும் காலையில் ஆலை நெடி கரைவரை வரலாம். கோடையிலும், மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று வலுத்திருக்கும் ஆனி, ஆடி மாதங்களிலும் இது அதிகம். வெயில் ஏறி நிலம் சூடானபின் காற்று திரும்பும். கடற்காற்று இறங்கிவிட்டால் அரை மணி நேரத்தில் கரையின் முகமே மாறிவிடும். கோடையில் இது நண்பகலை ஒட்டி நடக்கும். மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாட்களில் மாலை வரை தள்ளிப் போகும்.

எனவே சித்திரை முதல் ஆவணி வரை மாலை 4.30க்கு மேல் வருவது நல்லது. மார்கழி, தை, மாசியில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வருவதால் காலையே சிறந்தது, வெயிலும் உறைக்காது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். அந்த மாதங்களில் வானிலை அறிக்கையைப் பார்த்து அன்றன்றைக்கு முடிவெடுங்கள்.

காற்றின் திசையை அறியக் கருவி எதுவும் வேண்டாம். ஃபைபர் படகுகளில் கட்டியிருக்கும் கொடிகளைப் பாருங்கள். கொடி கடல் பக்கம் பறந்தால் நிலக்காற்று. ஊர்ப் பக்கம் பறந்தால் கடற்காற்று. நெடி மூக்கில் ஏறும் நாளில் பொறுத்துக்கொண்டு உட்காராதீர்கள். அது தவமாகாது. தலைவலியோடுதான் வீடு திரும்புவீர்கள்.

சூரிய உதயத்துக்கு வருவதாக இருந்தால், மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் காலை 5.40ஐ ஒட்டியும், ஜனவரி கடைசியில் 6.35ஐ ஒட்டியும் உதிக்கும். அதற்கு 25 நிமிடம் முன்பே கரையில் இருங்கள். அடிவானத்தில் பல நாள் மேகம் கட்டியிருக்கும், சூரியன் கடலிலிருந்து எழுவது தெரியாமலே போகும். ஆனால் அதற்கு முந்தைய வெளிச்சத்தை மேகம் கெடுப்பதில்லை, சில நாள் கூட்டவே செய்யும். அடிவானத்தை விட்டு மேலேறிய சூரியனை உற்றுப் பார்க்க வேண்டாம். தியானம் என்று நினைத்து இதைச் செய்பவர்கள் உண்டு. விழித்திரை பழுதுபடும், அப்போது வலிகூடத் தெரியாது.

எங்கே உட்காருவது

முதல்முறை வருபவர்களுக்கு நாங்கள் திருவொற்றியூரைத்தான் சொல்வோம். மெட்ரோவில் திருவொற்றியூர் தேரடி நிலையத்தில் இறங்கலாம். மின்சார ரயிலில் வந்தால் கும்மிடிப்பூண்டி வழித்தடத்தில் திருவொற்றியூர் நிலையம். மெட்ரோ நிலையத்திலேயே கழிப்பறைக்குப் போய்விட்டு வாருங்கள். கரையோரத்தில் தேடினால் கிடைப்பது கடினம், குறிப்பாகப் பெண்களுக்கு. தியாகராஜ சுவாமி கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. உள்ளே போய் வடிவுடையம்மனைக் கும்பிட்டுவிட்டுக் கிழக்கே நடந்தால் கடலோரச் சாலை. பட்டினத்தார் சமாதிக் கோயில் கடலை ஒட்டியே இருக்கிறது. அவர் கையிலிருந்த பேய்க்கரும்பு இங்கே வந்ததும் இனித்தது என்பார்கள். புதியவர்களுக்கு இந்த இடத்தைச் சொல்வதற்கு இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு: நிழல் இருக்கிறது, ஆள் நடமாட்டம் இருக்கிறது, தனியாக உட்கார்ந்தால் யாரும் விசித்திரமாகப் பார்க்க மாட்டார்கள். முதல் இரண்டு மூன்று முறை சமாதியில் உட்கார்ந்து கடல் ஓசையை மட்டும் கேட்டுப் பழகிவிட்டுப் பிறகு கல்லுக்குப் போகலாம்.

எண்ணூர் விரைவுச் சாலையைக் கடப்பதில் கவனம் தேவை. துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் வரிசையாக நிற்கும். நிற்கும் இரண்டு லாரிகளுக்கு நடுவே நுழைந்து வெளியே வராதீர்கள். அடுத்த வரிசையில் வரும் வண்டிக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். சிக்னல் இருக்கும் இடம்வரை நடந்து கடங்கள்.

மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டை ஓய்வுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். விடியுமுன்பே மீன் ஏலம் தொடங்கிவிடும்; ஞாயிற்றுக்கிழமை கால் வைக்க இடமிருக்காது. ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். ஐஸ் உடைக்கும் சத்தம் குறைந்திருக்கும். ஆட்கள் வலை பின்னிக்கொண்டும் படகுக்கு வண்ணம் அடித்துக்கொண்டும் இருப்பார்கள். அந்த மாதங்களில் மாலை வேளையில் போய், ஒருவர் வலையைப் பழுதுபார்ப்பதை, அவர் சம்மதித்தால், அரை மணி நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருங்கள். வலை பின்னும் ஊசி உள்ளே போய் வெளியே வந்து முடிச்சு விழும் ஒழுங்கில் கண் தானே நிலைக்கும்.

ராயபுரத்தில் படகோட்டிச் சமூகத்தார் 1829இல் எழுப்பிய புனித ராயப்பர் ஆலயம் இருக்கிறது. கடல் சீறும் நாளில் உட்கார அது நல்ல இடம்.

எண்ணூர்ப் பக்கம், கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரம், பழகியவர்களுக்கானது. நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் பக்கம் மணல் உண்டு, அடும்புக்கொடி படர்ந்திருக்கும், குளிர்காலத்தில் கடற்காகங்களும் ஆலாக்களும் உள்ளான்களும் வரும். ஆறும் கடலும் சேருமிடத்தில் நீரின் நிறம் இரண்டாகத் தெரியும். தனியாகப் போகாதீர்கள். கடல்மட்டம் இறங்கும் வற்றுநீர் நேரத்தில் முகத்துவாரத்து நீர் கடலுக்குள் இழுக்கும் வேகம் கரையிலிருந்து பார்த்தால் தெரியாது.

கையில் என்ன வேண்டும்

ஒரு லிட்டர் தண்ணீர். பின்பக்கம் வார் உள்ள செருப்பு. ரப்பர் செருப்பு கல் இடுக்கில் கழன்று விழும். நான்காக மடித்த சாக்கு அல்லது தடித்த துண்டு, ஏனென்றால் கருங்கல் வெயிலில் சுடும், விடியலில் சில்லிடும். தொப்பி. ஒரு சின்னக் குப்பியில் தேங்காயெண்ணெய், கொஞ்சம் பழைய துணி. இவை எதற்கென்று பின்னால் சொல்கிறோம். மாலை என்றால் கொசுவிரட்டிக் களிம்பு. சில்லறை. தின்பண்டம் கொண்டுவராதீர்கள், காக்கையும் நாயும் சூழ்ந்தபின் உட்கார முடியாது. கைப்பேசியை ஒலியடக்கி, 40 நிமிடத்துக்கு அதிர்வு மணி வைத்து, பைக்குள் ஆழமாகப் போட்டுவிடுங்கள். சட்டைப் பையில் வைத்தால் குனியும்போது கல் இடுக்கில் விழும். இரண்டு கருங்கல்லுக்கு நடுவே விழுந்த கைப்பேசியை எடுக்கக் கையை உள்ளே நுழைக்காதீர்கள். கண்ணாடித் துண்டும் துருப்பிடித்த கம்பியும் எலியும் அங்கே உண்டு.

கரை யாருடையது

குப்பத்துக்கு முன்னால் இருக்கும் மணல் அந்தக் குப்பத்தின் வேலைக்களம். பேச்சு எளிது: "அண்ணா, இங்க கொஞ்ச நேரம் உக்காரலாமா?" அல்லது "அக்கா, இந்தப் பக்கம் படகு இறங்குமா?" இரண்டாவது கேள்வி உங்களுக்கே உதவும், படகு இழுக்கும் தடத்தில் உட்கார்ந்துவிடாமல் தப்பலாம். அவர்கள் காட்டும் இடம்தான் நல்ல இடம். எங்கே அலை ஏறும், எங்கே ஏறாது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

காயப்போட்ட வலையை மிதிக்காதீர்கள், தாண்டாதீர்கள், சுற்றிப் போங்கள். கரையில் ஏற்றிய படகில் சாய்ந்து உட்காருவதோ செருப்புக் காலோடு ஏறுவதோ கூடவே கூடாது. முகம் தெரியப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். கரையின் சில பகுதிகளுக்குக் காலைக்கடனுக்காக ஆட்கள் வருவார்கள். கழிப்பறை போதாத ஊரின் நிலை அது. முகம் சுளிக்காமல் வேறு பக்கம் போய்விடுங்கள். அஸ்தி கரைக்கவோ திதி கொடுக்கவோ வந்திருக்கும் குடும்பங்களிடமிருந்தும் விலகி உட்காருங்கள்.

தனியாக வரும் பெண்கள் மீன் விற்கும் அம்மாக்கள் இருக்கும் பக்கத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஒருமுறை பேசிப் பழகிவிட்டால் அடுத்த முறை அவர்களே ஒரு கண் வைத்துக்கொள்வார்கள். இருட்டியபின் கல் பக்கம் யாருமே இருக்க வேண்டாம். குப்பத்து நாய்கள் குரைத்தால் ஓடாமல் நில்லுங்கள். உடமைக்காரர் கூப்பிட்டதும் போய்விடும்.

உட்காரும் முறை

மொத்தம் 40 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே இரண்டு மணி நேரம் உட்காருவேன் என்று வருபவர்கள் பெரும்பாலும் இரண்டாம் முறை வருவதில்லை.

முதல் 10 நிமிடம் உட்காராதீர்கள். நின்று கடலைப் பாருங்கள். இது ஆன்மிகம் என்பதைவிடப் பாதுகாப்பு: அலைகள் ஒரே அளவில் வருவதில்லை, சிறிதும் பெரிதுமாகக் கூட்டம் கூட்டமாக வரும். 10 நிமிடம் பார்த்தால் அன்றைய பெரிய அலை எதுவரை ஏறுகிறது என்று தெரிந்துவிடும். மணலில் என்றால் ஈரக்கோட்டுக்கு மேலே குறைந்தது பத்தடி தள்ளியும், கல்லில் என்றால் சாலைப் பக்கம் உள்ள காய்ந்த வரிசையிலும் உட்காருங்கள். பச்சையோ கறுப்போ பாசி படிந்த கல், அலை தினமும் வந்து போகும் கல். அதில் கால் வைத்தால் வழுக்கும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் நீர் வழக்கத்தைவிட மேலே ஏறும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

உட்கார்ந்ததும் கண்ணை மூட வேண்டாம். வீட்டுத் தியானத்துக்கும் கடலோரத் தியானத்துக்கும் முக்கிய வேறுபாடு இதுதான். கண்ணை அடிவானத்தில் நிறுத்துங்கள். துறைமுகத்துக்குள் நுழைய முறை காத்துத் தொலைவில் கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கும். ஒரு கப்பலைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். நங்கூரத்தில் நிற்கும் கப்பல் அசையாததுபோலத் தெரியும். நீரோட்டமும் காற்றும் மாறும்போது மெல்லத் திரும்பும். அந்தத் திரும்பலைப் பார்க்கும் பொறுமை வந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. நாள் முழுக்கக் கையெட்டும் தூரத்துத் திரையையே பார்த்து இறுகிய கண், தொலைவைப் பார்க்கும்போதுதான் தளரும். இதற்கு ஒரு 10 நிமிடம்.

அடுத்து காது. மிகத் தொலைவில் கேட்கும் அலையிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக அருகே வாருங்கள்: நடுக்கடல் இரைச்சல், கல்லில் அறையும் அலை, கல் இடுக்கு வழியே இறங்கும் நீரின் சீறல், படகு மோட்டார், காக்கை, கடைசியாகப் பின்னால் லாரி ஹாரன். லாரியை விலக்க முயலாதீர்கள். விலக்க விலக்க அதுவே பெரிதாகக் கேட்கும். அதையும் ஒன்றாக எண்ணி, மறுபடி தொலைவிலிருந்து தொடங்குங்கள்.

பிறகு மூச்சு. இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். அலையோடு மூச்சைச் சேர்க்கச் சொல்லிக் கேள்விப்பட்டிருப்பார்கள். செய்து பார்த்தால் தலை சுற்றும். காரணம் எளிது. கரையில் அலைகளுக்கு இடையே பல நாள் 6 முதல் 10 விநாடிதான் இருக்கும். காற்று கிளறும் நாளில் இன்னும் குறையும். ஒவ்வோர் அலைக்கும் ஆழமாக மூச்சிழுத்தால் தேவைக்கு மேல் மூச்சு விடுகிறீர்கள் என்று பொருள். விரல் நுனி மரத்துப் போகும், தலை லேசாகும். அலை திரும்பிப் போகும்போது மட்டும் மூச்சை நீளமாக விடுங்கள், உள்ளிழுப்பதை உடல் பார்த்துக்கொள்ளும். ஓர் அலை தவறினால் தவறட்டும். இன்னொன்று: இந்தப் பயிற்சி மணலில்தான் சரியாக வரும். கல்லில் மோதித் திரும்பும் அலை அடுத்த அலையோடு குழம்பி ஒழுங்கு கெட்டுவிடும். கல்லில் உட்கார்ந்திருக்கும் நாளில் மூச்சுப் பயிற்சியைத் தவிர்த்துக் காதோடு நின்றுகொள்ளுங்கள்.

கடைசிப் பத்து நிமிடம் உங்கள் வழிபாட்டுக்கு. ஐந்தெழுத்தோ எட்டெழுத்தோ செபமாலையோ திக்ரோ, அவரவர் வழக்கப்படி. உதடு மட்டும் அசையட்டும், சத்தம் வேண்டாம். நம்பிக்கை எதுவும் இல்லாதவர்கள், அன்று மனத்தை அழுத்தும் ஒன்றை ஒரே வாக்கியமாக மனத்துக்குள் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். கேட்கவும் வேண்டாம், பதில் தேடவும் வேண்டாம். எழும்போது உடனே எழாதீர்கள். கல்லில் உட்கார்ந்த கால் மரத்திருக்கும். மடக்கி நீட்டி, கை ஊன்றி எழுங்கள். இந்தக் கரையில் புதியவர்கள் விழுவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான்.

மனம் அடங்கவில்லை என்றால்

முதல் சில முறை அடங்காது. கணக்கு வழக்கு, அலுவலகம், சொல்லியிருக்க வேண்டிய பதில் எல்லாம் வரும். அதற்காக இடத்தை மாற்றாதீர்கள். ஒவ்வொரு முறையும் புது இடம் தேடினால் கண் இடத்தைப் பார்க்கவே நேரம் போய்விடும். ஒரே கல், ஒரே நேரம், வாரம் ஒருமுறை, இரண்டு மாதம். இதைவிட நல்ல யோசனை எங்களிடம் இல்லை.

தூக்கம் வந்தால் தடுக்க வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். மணலில், துணையோடு என்றால் சரி. கல்லில் தூங்கவே கூடாது.

அழுகை வருவதும் உண்டு. நம் முன்னோர் நெய்தல் நிலத்துக்கு வகுத்த உரிப்பொருள் இரங்கல். பிரிந்தவருக்காகக் கடலோரம் இருந்து கலங்குவதை இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே பாடி வைத்திருக்கிறார்கள். ஆகவே ஓய்வெடுக்க வந்த இடத்தில் துக்கம் மேலே வந்தால் முறை தவறிவிட்டது என்று நினைக்காதீர்கள். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுது முடியுங்கள். யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால், பரிவோடுதான் கேட்பார்கள்.

ஆனால் வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் இருக்கும் காலத்தில் கடலுக்குத் தனியாக வரக் கூடாது. அப்போது தேவை ஒரு மனிதர். 104 என்ற மருத்துவ உதவி எண்ணிலோ, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416இலோ எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

நீர், தார், நெடி

வடசென்னையில் குளிக்க இறங்காதீர்கள். முழங்கால் ஆழம் என்று இறங்குவதும் வேண்டாம். தூண்டில் வளைவை ஒட்டி, அலை கொண்டுவந்து சேர்த்த நீர் கல்லோரமாகக் கடலுக்குள் திரும்பி ஓடும். மேலே பார்த்தால் அந்த இடம்தான் அலை உடையாமல் அமைதியாகத் தெரியும், அதனாலேயே ஏமாறுகிறார்கள். யாராவது சிக்கினால் பின்னால் குதிக்க வேண்டாம். காலி கேன், கயிறு, எது கிடைத்தாலும் எறியுங்கள், அருகில் இருக்கும் மீனவரைக் கூப்பிடுங்கள், 112க்கு அழையுங்கள். சிக்கியவர் நீங்களே என்றால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல் மிதந்து, கையைத் தூக்கி, கல்லைவிட்டு விலகும் பக்கமாகக் கரைக்கு இணையாக நகருங்கள்.

காலில் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டினால் அது தார். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது; மீனவர்களின் வலையும் படகும் பாழாயின. இவை தவிர, கடலில் போகும் கப்பல்களிலிருந்து கழியும் எண்ணெயும் சிறு உருண்டைகளாகக் கரையில் ஒதுங்குவது உண்டு. தண்ணீரில் கழுவினால் போகாது. தேங்காயெண்ணெயை ஊற்றி இரண்டு நிமிடம் தேய்த்துப் பழைய துணியால் துடைத்தபின் சோப்புப் போடுங்கள். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் தோலைப் புண்ணாக்கும். மழைக்குப் பின் கரையில் வெண்ணுரை குவிந்திருந்தால், அது கழிவுநீர் கலந்ததாக இருக்கலாம். குழந்தைகளை விளையாட விடாதீர்கள்.

அம்மோனியா நெடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓட நேர்ந்தது. மூக்கிலும் கண்ணிலும் குத்தும் நெடி திடீரென்று வந்தால் துண்டைத் தண்ணீரில் நனைத்து மூக்கையும் வாயையும் மூடுங்கள்; அம்மோனியா நீரில் கரையும். காற்று போகும் திசையிலேயே ஓடினால் வாயுவும் கூடவே வரும். காற்றுக்குக் குறுக்காக நடந்து, நெடி விட்டபின் காற்று வரும் பக்கமாக விலகுங்கள். கண் எரிந்தால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

ஆண்டில் சில நாட்கள்

பௌர்ணமி மாலைகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சூரியன் மேற்கே மறையும் நேரத்தை ஒட்டிக் கிழக்கே கடலிலிருந்து நிலா எழும். மறுநாள் ஏறத்தாழ 50 நிமிடம் தாமதமாக எழும்; அதற்காகக் காத்திருந்தால் இருட்டிவிடும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயில் மூலவர் ஆதிபுரீசுவரரின் கவசம் திறந்து புற்று வடிவைக் காணலாம். கூட்டம் அதிகம், தனிமை கிடைக்காது. அந்த நாளுக்கு அது தேவையும் இல்லை. மாசி மகத்தன்று சாமிகள் கடலுக்கு எழுந்தருளும்போதும் அப்படித்தான்.

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட மணலுக்கு ஏறும். கண்ணில் பட்டால் விளக்கு அடிக்காமல், பின்னால் தள்ளி அசையாமல் நில்லுங்கள். இறந்து ஒதுங்கியதைத் தொட வேண்டாம், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

சில மாதம் பழகியபின் ஒரு முழு நாள் ஒதுக்கிப் பழவேற்காட்டுக்குப் போகலாம். பொன்னேரி வரை மின்சார ரயில், அங்கிருந்து பேருந்து. சில்காவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. நவம்பரிலிருந்து மார்ச் வரை பூநாரைகளைப் பார்க்கலாம். காலை 8 மணிக்குள் ஏரிக்கரை, வெயில் ஏறியதும் டச்சுக்காரர் கல்லறைத் தோட்டம், மாலை கடற்கரை என்று நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள். உல்லாசமாகப் படகில் அழைத்துப் போகிறேன் என்று யாராவது சொன்னால் ஏறாதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள்.

துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டால், எண் எதுவானாலும், கல் பக்கம் போவதை அன்றோடு நிறுத்திவிடுங்கள். வானம் வெளுத்திருந்தும் கடல் திடீரென ஏறும் கள்ளக்கடல் எச்சரிக்கைக்கும் இதே விதி. அந்த நாட்களில் ராயப்பர் ஆலயத்திலோ தியாகராஜர் கோயில் மண்டபத்திலோ உட்கார்ந்துகொள்ளலாம். கூண்டு இறங்கியபின்னும் கொந்தளிப்பு அடங்க இரண்டு நாள் ஆகும். ஃபைபர் படகுகள் மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கியதைப் பார்த்தபிறகு நீங்களும் கரைக்கு வாருங்கள்.